திருகோணமலை செய்தியில் வந்தால் எப்படி வாசிப்பது

உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் துறைமுகம் பேப்பரில் அடிபட்டால் "ரீச்சர், இந்தியாவா சீனாவா?" என்றுதான் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு ஒரு கொப்பி எடுங்கள் என்பேன்.

திகதி, கையெழுத்திட்டவர்கள், பத்திரத்தின் வகை, எத்தனை வருடம், யாருக்கு எத்தனை வீதம். இந்த ஐந்தும் ஒரே வரியில் வரவேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் பென்சிலால் எழுதுங்கள். செய்ய விருப்பம் என்ற அளவுதான் அது. குத்தகை என்றால் பேனை. வருடக் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

சரி, துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை எடுப்போம். பிரிட்டிஷ்காரர் கட்டியவை. பஸ்ஸில் போகும்போது பற்றைக்குள் துருப்பிடித்து நிற்பது தெரியும். 2022 ஜனவரி ஒப்பந்தத்தை "இந்தியாவுக்கு விற்றாச்சு" என்றார்கள். எண்ணிப் பாருங்கள். இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கு 14 குதங்கள், எங்கள் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. மொத்தம் 99. அந்தக் கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49. இதைக் கரும்பலகையில் கூட்டிப் பார்த்த பிறகுதான் வகுப்பில் சத்தம் அடங்கியது. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐ.ஓ.சி.யின் 14 குதங்களும் 50 வருடக் குத்தகை. இந்தப் பிள்ளைகள் பேரன் பேத்தி காணும்வரை ஓடும்.

அப்புறம் பழைய பத்திரத்தைத் தேடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, எனக்கு அதுதான் மனவருத்தம். 1987 ஜூலை 29இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை-இந்திய உடன்படிக்கையோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில், குதங்களை இரு நாடும் கூட்டாகச் சீரமைக்கும் என்று அன்றைக்கே இருக்கிறது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் திருகோணமலையை இராணுவத் தேவைக்குக் கொடுப்பதில்லை என்பதும் அதிலேயே உண்டு. 2022 ஒப்பந்தத்தின் வேர் அங்கே கிடக்கிறது.

செய்தியில் பெயர் வராத நாடுகளையும் எழுதுங்கள். சீனன்குடா மா ஆலை சிங்கப்பூர்க் கம்பனியுடையது. பாண் வாங்கும்போது அதுவும் வெளிநாட்டு வர்த்தகம்தான்.

2025 ஏப்ரலில் மூன்றாவதாக ஐக்கிய அரபு இராச்சியமும் வந்து சேர்ந்தது. இலங்கை, இந்தியா, அமீரகம். திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம். அந்த வரியை என் கொப்பியில் பென்சிலால்தான் எழுதினேன்.