பூமருதின் வெளிறிய தளிர்கள்

உதிருமுன் செம்பு நிறமாகச் சிவக்கும் இலைகளுக்காகவே திருவையாற்றில் எங்கள் வீட்டு மதிலோரம் பூமருதுக் கன்று நட்டேன். மூன்றாம் மாதத்தில் அதன் தளிர்கள் மஞ்சளாயின. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவென்று யூரியா இட்டும், வேரழுகல் என்றெண்ணி நீரைக் குறைத்தும் பயனில்லை.

முதிர்ந்த இலைகள் பசுமையாகவே இருக்க, தளிரில் மட்டும் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். தழைச்சத்துக் குறைவு முதிர்ந்த இலையில் தொடங்கும்; செடிக்குள் எளிதில் இடம்பெயராத இரும்புச்சத்தின் குறைவோ தளிரில்தான் முதலில் தெரியும்.

வேரோரம் தோண்டியபோது, மதில் கட்டுகையில் கொட்டிய சிமெண்டுக் கலவைக் கட்டிகள் கிடைத்தன. அவற்றின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, வேர் இரும்பை எடுக்கவிடாமல் தடுத்திருக்கிறது. அவற்றை அகற்றி, வண்டல் மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்பி, லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் தெளித்தேன். துளி விழுந்த இடங்களில் மட்டும் முதலில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. அடுத்த தளிர்கள் முழுப் பசுமையாக விரிந்தபோது நிம்மதியடைந்தேன்.