சூரியப் புள்ளிகளை எண்ணலாம், வாருங்கள் (நான் கோட்டைவிட்ட இடத்தோடு)

சூரியனின் முகத்தில் தெரியும் கருந்திட்டுகளே சூரியப் புள்ளிகள். பிரஸ்ஸல்ஸில் உள்ள தரவு மையம் தினமும் ஒரு சூரியப் புள்ளி எண்ணை வெளியிடுகிறது. என் கணக்கு எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே வந்தது. சின்னத் தொலைநோக்கிக்குக் குறைவாகத்தானே வரவேண்டும்?

படி 1: சூரியனைத் தொலைநோக்கி வழியாக நேரே பார்க்கவே கூடாது, பார்வை போய்விடும். ஐபீஸுக்கு (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்து, பிம்பத்தை அதில் விழச் செய்யுங்கள். ஃபைண்டரை (குழாயின் மேல் பொருத்திய குட்டித் தொலைநோக்கி) மூடிவிடுங்கள். குழாயின் நிழல் மிகச் சிறியதாகும் வரை திருப்பினால் சூரியன் அகப்பட்டுவிடும். சாதாரண லென்ஸ் தொலைநோக்கியே என் தேர்வு. கண்ணாடியும் லென்ஸும் கலந்த மூடிய குழாய் வகை வேண்டாம், உள்ளே சூடேறிக் கெட்டுவிடும்.

படி 2: 15 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, பிம்பத்தை அதில் பொருத்தி, புள்ளிகளைப் பென்சிலால் குறியுங்கள். சந்தேகமா? ஐபீஸைத் திருகுங்கள். கூடவே சுற்றினால் அது தூசி.

படி 3: எண்ணுவது. சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வொல்ஃப் 1848-இல் வகுத்த விதி இது: குழுக்களைப் பத்தால் பெருக்கி, புள்ளிகளைக் கூட்டுங்கள். ஒற்றைப் புள்ளி தனியே நின்றால் அதுவும் ஒரு குழு, ஆகவே 11. மூன்று குழுவில் 14 புள்ளி என்றால் 44.

நான் சறுக்கியது 'குழு' என்ற சொல்லில். கிழக்கு மேற்காக விலகி நிற்கும் இரண்டு கொத்துகளை இரண்டு குழுவாக எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பத்து கூடியது. உண்மையில் சூரியனுக்குள்ளிருந்து காந்தப்புலம் வளையம்போல் மேலெழுகிறது. அது வெளிவரும் இடத்தில் ஒரு கொத்து, திரும்ப உள்ளே போகும் இடத்தில் எதிர்த் துருவத்தோடு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே ஒரு குழு. உங்கள் வட்டத்தின் நடுவில் அவற்றுக்கிடையே ஒரு செ.மீ.க்கு மேல்கூட இடைவெளி இருக்கும், ஏமாறாதீர்கள்.

புள்ளிகளில் காந்தம் இருப்பதை 1908-இல் கண்டவர் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஹேல். புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும், அதுவே ஒரு சுழற்சி. அடுத்த சுழற்சியில் இந்த ஜோடிகளின் துருவங்கள் இடம் மாறிவிடும். அதனால் 11 ஆண்டுச் சுழற்சி, காந்தக் கணக்கில் 22 ஆண்டு.

படி 4: மாத சராசரியை வரைபடமாக்குங்கள். 25-ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி, 2024 அக்டோபரில் உச்சம் தொட்டது. புள்ளிகள் தோன்றும் இடத்தையும் கவனியுங்கள்: சுழற்சியின் தொடக்கத்தில் 30 பாகை அட்சம் வாக்கில், முடிவில் நடுக்கோட்டருகே.

பின்சேர்க்கை: தன் எண் எப்போதும் குறைவாகவே வருகிறது என்றார் ஒரு வாசகர். அது தவறல்ல. சில மாதங்களுக்கு மையத்தின் எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துச் சராசரி எடுங்கள், அதுவே உங்கள் திருத்தக் காரணி. கருவியை மாற்றினால் அதை முதலிலிருந்து கணக்கிடவேண்டும். ஐபீஸை மாற்றிவிட்டு இப்போது நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.