தெரிந்தது குறுக்கே நிற்கும்போது: புதிதாகக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம், ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் அக்கா மகளிடம், கோடையில் ஏன் இவ்வளவு வெயில் என்று கேட்டேன். "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, சித்தி" என்றாள், தயங்காமல். பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவளும் அவள்தான்.

இரண்டு பதில்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே ஒரே தலைக்குள் குடியிருந்தன. ஒன்று பாடப்புத்தகம் கொடுத்தது. மற்றது அடுப்பங்கரை கொடுத்தது: நெருப்புக்கு அருகில் போனால் சுடும். வாழ்ந்து கற்றதுதான் எப்போதும் முந்திக்கொள்கிறது.

நாம் செய்யும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான். மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, புதியதை அதன்மேல் கொட்டிவிடுகிறோம். பழையது அழிவதில்லை, புதியதைத் தன் வடிவத்துக்கு வளைத்துக்கொள்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிப் பேசி, 1992இல் எழுதினார்கள். பூமி உருண்டை என்று சொன்ன குழந்தைகளில் சிலரை மேலும் கேட்டபோது, உள்ளே குடைந்த ஓர் உருண்டையில், சமதளமான தரையின்மேல் நாம் நிற்பதாக எண்ணியிருந்தது தெரிந்தது. ஆசிரியர் சொன்னதையும் விடவில்லை, கண்ணால் கண்ட தட்டைத் தரையையும் விடவில்லை. அந்தக் குழந்தைகளை மக்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டையும் பொருத்திப் பார்க்க அவர்கள் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள்.

அதனால் எதையும் படிக்கத் தொடங்குமுன், உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதுங்கள். தவறாக இருக்கட்டும், எழுதி வைத்த தவறைத்தான் பிறகு திருத்த முடியும்.

அக்கா மகளிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. "அப்படியானால் மார்கழியில் ஏன் குளிர்கிறது?" விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த நிறுத்தம் வராமல் அடுத்ததைச் சொல்லிப் பயனில்லை.

பிறகு ஜன்னலைச் சாத்தி, டார்ச் விளக்கைத் தரைக்கு நேர் மேலே பிடிக்கச் சொன்னேன். தட்டளவு வட்டம், பளிச்சென்று. விளக்கைச் சாய்த்தாள். வட்டம் நீள்வட்டமாகி, சுவர்வரை நீண்டு, வெளிறியது. அதே வெளிச்சம்தான், பரவிய இடம் பெரிது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் மார்கழி வெயிலும் நம்மேல் இப்படித்தான் சாய்ந்து விழுகிறது என்றேன். "சாய்வு என்றால் இதுவா!" என்றாள்.

அடுத்த தவறு, பழக்கத்தை அறிவு என்று நம்புவது. நான்காம் முறை படிக்கும்போது பக்கம் சரளமாக ஓடும். தெரிந்துவிட்டது என்று தோன்றும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் படித்துவிட்டு, மூன்று அமர்வுகளில் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிலிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படிக்கும் பிள்ளைகள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

மூன்றாவது, படியில்லாமல் தாவுவது. மலையாளம் கற்க விரும்பிய நண்பர் ஒருவர் நாளிதழின் தலையங்கத்தில் தொடங்கி, பத்து நாளில் கைவிட்டார். பஸ் பலகைகளில் தொடங்கியிருக்கலாம். பாலக்காடும் திருச்சூரும் தமிழருக்குத் தெரிந்த பெயர்கள். தெரிந்த பெயரே தெரியாத எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் பண்டைய எகிப்திய எழுத்துகளின் ஒலிகளைப் பிடித்ததும் தாலமி, கிளியோபாட்ரா என்ற தெரிந்த அரசர், அரசி பெயர்களின் வழியாகத்தான்.

கேள்வி கேட்கக் கூச்சப்படுவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களான நாம்தான் அதில் அதிகம் இழக்கிறோம்.

அன்று மாலை அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள். சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் என்று எங்கோ படித்துவிட்டிருந்தாள். "ஆகஸ்டிலும் நேராகத்தானே விழுகிறது, சித்தி? பிறகு ஏன் அப்போது கத்திரி இல்லை?" நான் பதில் சொல்லவில்லை. முதலில் உன் ஊகத்தை எழுது என்றேன். நோட்டை இழுத்து, "மேகம்?" என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டாள்.