டிரங்குப் பெட்டியிலிருந்து காப்பகத்துக்கு: வீட்டுக் காகிதங்களைத் தயார் செய்வது எப்படி?

எங்கள் வீட்டு அரங்கில் (உள்ளறையில்) இருந்த டிரங்குப் பெட்டியைப் பிரித்து, பட்டியல் போட்டு, வட்டார வரலாற்றுக் காப்பகம் ஒன்றில் ஒப்படைத்தாயிற்று. அதிலிருந்து சொந்தக்காரர்கள் பலரும் "எங்க வீட்லயும் ஒரு பெட்டி கெடக்கு, என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போகிற காகிதங்களில்தான் திருநெல்வேலிச் சீமையின் பாதி வரலாறு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1. கட்டை அவிழ்க்கும் முன் படம் எடுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கடிதம் தனி, பத்திரம் தனி, ரசீது தனி என்று பிரிக்கக் கை பரபரக்கும். வேண்டாம். ஒரு நூலில் கட்டியிருப்பவை ஏதோ காரணத்தால்தான் சேர்ந்திருக்கின்றன. ஒத்தி (அடமான) பத்திரம், அதை மீட்ட ரசீது, அந்த வருஷத்துத் தீர்வை (நிலவரி) ரசீது, ஒரு கடுதாசி: நான்கும் சேர்ந்து கிடந்தால்தான் வயல் ஏன் கைமாறியது என்று தெரியும். கட்டுக்கு ஒரு எண் கொடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். அடுக்கிய வரிசையையும் அப்படியே விடுங்கள்.

2. எதையும் கழிக்காதீர்கள்

பத்திரத்தை வைத்துக்கொண்டு மொய் நோட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு மொய் நோட்டுதான் பெரிது. யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் புத்தகங்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் என்றும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது.

3. தூசி தட்டுதல்

மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. பழைய காப்பிங் பென்சில் எழுத்து, தண்ணீர் பட்டதும் ஊதாவாகக் கரைந்துவிடும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். ஒட்டினால் ஒட்டியதுதான், எடுக்க முடியாது. எண் போட 2பி பென்சில் மட்டும், அதுவும் பின்பக்க மூலையில். பொதிந்து வைக்க அமிலமற்ற தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கஞ்சி போடாமல் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். சுவரோரம் ஈரம் ஏறும், அப்புறம் கரையான் வரும்.

4. வருஷம் கண்டுபிடித்தல்

எனக்கு ரொம்ப நேரம் பிடித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கு மலையாள நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய கிரையம், ஒத்தி, கடுதாசி எல்லாவற்றிலும் அது இருக்கும்.

முதலில் குறியீடுகள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். "௲௭௰௫ ௵ தை ௴" என்றால், ஆயிரம், அப்புறம் ஏழு பத்து, அப்புறம் ஐந்து. அதாவது 1075, தை மாதம். சில இடங்களில் ஆயிரத்தை விட்டுவிட்டு வெறும் 75 என்று எழுதியிருப்பார்கள்.

இனி கணக்கு. நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில வருஷம் தெரிய, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள். அதற்குப் பிறகு ஆடி முடிய 825. ஆக 1075 ஆவணி என்றால் 1899, 1075 தை என்றால் 1900. எல்லா மாதத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் ஒரு வருஷம் பிசகும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை தகப்பனார் சாவுக்கு முன்னால் நடந்ததாகிவிடும்.

சரிபார்க்க அறுபது வருஷப் பெயர் உதவும். மேலே சொன்ன தை மாதத்தில் "விகாரி" என்று இருந்தால் கணக்கு சரி, 1899 சித்திரையில் பிறந்த வருஷம் அது. பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருஷம் தள்ளிப்போக வாய்ப்புண்டு. அப்போது முத்திரைத் தாளில் உள்ள தலையைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் அது 1910-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

தேதியை நீங்கள் கணக்கிட்டீர்களா, தாளிலேயே இருக்கிறதா என்பதையும் பட்டியலில் தனியாகக் குறியுங்கள். தாளில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதி, அடுத்த கட்டத்தில் ஆங்கில வருஷம். ஊர்ப் பெயருக்கும் இப்படியே. திருநெல்வேலி ஜில்லா என்று இருக்கும் ஊர் இன்று தூத்துக்குடி மாவட்டமாக (1986) இருக்கலாம், தென்காசி மாவட்டமாகவும் (2019) இருக்கலாம்.

5. படம் எடுத்தல்

ஸ்கேன் செய்யும் செயலிகளை நான் விரும்புவதில்லை. அவை தாமாகவே வெளுப்பாக்கி மங்கிய மையைத் தின்றுவிடும். போனின் சாதாரண கேமரா, காலை நேர ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு அளவுகோல், அவ்வளவுதான். பின்பக்கத்தையும் உறையையும் சேர்த்து எடுங்கள்.

6. ஆச்சியோடு உட்காருங்கள்

காகிதத்தில் "பெரியவாள்", "தங்கம்", "மேலத்தெரு சின்னவன்" என்றுதான் இருக்கும். அது யார் என்று சொல்ல வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிச்சம். கணினிக்கு முன்னால் உட்காரும் நேரத்தைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். படங்களைப் பெரிதாக்கிக் காட்டி, பேச்சைப் பதிவு செய்து, கட்டு எண்ணை அதிலேயே வாயால் சொல்லிவிடுங்கள்.

7. ஒப்படைத்தல்

இன்றைக்கும் சொத்துரிமைக்கு ஆதாரமாக இருக்கும் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம், படம் போதும். மற்றவற்றுக்கு நன்கொடையா, இரவலா, படி எடுத்துத் திருப்புவதா என்று எழுத்தில் வாங்குங்கள். கூடப்பிறந்தவர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். சில கடிதங்களைக் குறிப்பிட்ட காலம் யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடலாம், கேட்கத் தயங்காதீர்கள். பட்டியலின் ஒரு நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் சேர்த்தது: கொழும்புக் கடைகளிலிருந்து வந்த கடிதங்களை அச்சிடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தாள் உங்களிடம் இருந்தாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கே. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் உயிரோடிருக்கையில் வெளியான எழுத்துக்கு அவர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். வெளிவராத கடிதத்துக்குக் கணக்கு வேறு, ஆகவே எழுதியவரின் வாரிசுகளிடம் கேட்டுக்கொண்டு அச்சிடுங்கள். அந்தக் கடிதங்களில் சதக் (சென்ட்) கணக்கு இருந்தால் அது இலங்கை ரூபாய். அணா, பைசாவாக மாற்றாமல் அப்படியே பட்டியலில் எழுதுங்கள்.