அரிசி நாலு மடங்கானால் தண்ணீரும் நாலு மடங்கா?

ஒரு தம்ளர் அரிசியைப் பூப்போலச் சமைப்பவர்கள்கூட நாலு தம்ளர் போட்டால் களி கிண்டிவிடுகிறார்கள். தீ அதிகம், உப்பு மறதி போன்றவை தானாகத் திருந்திவிடும். இது திருந்துவதில்லை.

தண்ணீரை அப்படியே பெருக்குவது

ஒரு தம்ளர் நீள அரிசிக்கு ஒன்றே முக்கால் தம்ளர் தண்ணீர் விட்டீர்கள், உதிரியாக வந்தது. நாலு தம்ளருக்கு ஏழு என்று கணக்குப் போடுகிறீர்கள். தப்பு அங்கேதான்.

அந்த ஒன்றே முக்காலில் அரிசி குடித்தது ஏறக்குறைய ஒரு தம்ளர். மிச்ச முக்கால் ஆவியாகிப் போனது. எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் வாய் அகலம், மூடியின் பொருத்தம், அடுப்பில் இருக்கும் நேரம். அரிசியின் அளவு அல்ல. ஆகவே நாலு தம்ளர் அரிசிக்கு நாலு, ஆவிக்கு முக்கால், பாத்திரம் பெரிதென்றால் இன்னொரு கால். மொத்தம் ஐந்து. ஏழு விட்டால் மிஞ்சும் இரண்டு தம்ளரும் பருக்கைக்குள்தான் போகும். அது வீங்கி, வெடித்து, மாவு வெளியே கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மெத்தென்று வேண்டுமா? தம்ளருக்குக் கால் கூட்டுங்கள். அது அரிசிக் கணக்கு. அதை மட்டும் பெருக்கலாம்.

குழைந்துவிட்டால் அரிசியைத் திட்டுவார்கள், கடையை மாற்றுவார்கள், அடுப்பைக்கூட மாற்றுவார்கள். தண்ணீர்க் கணக்கை மட்டும் தொடவே மாட்டார்கள்.

கஞ்சி வடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. தாராளமாகத் தண்ணீர் விடலாம். அவர்கள் பார்க்க வேண்டியது பதம். ஒரு பருக்கையை விரலில் நசுக்கினால் நடுவில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அப்போதே வடியுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். புள்ளி மறையும்வரை காத்திருந்தால் வடிப்பதற்குள் குழைந்துவிடும்.

ஊறிய அரிசிக்கும் அதே தண்ணீர்

அரை மணி ஊறிய அரிசி ஏற்கெனவே குடித்திருக்கிறது. வடிகட்டிப் போடும்போது தம்ளருக்குக் கால் தம்ளர் குறையுங்கள். களைவதை ஊறவைக்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஊறியதைக் கசக்கினால் நொய்தான் மிஞ்சும்.

புது அரிசி

குறைவாகக் குடிக்கும், ஒட்டும். பழைய அரிசியின் அளவு இதற்கு ஆகாது.

நடுவில் மூடியைத் திறப்பது

வேண்டாம்.

இறக்கியவுடன் கிளறுவது

அடியில் ஈரம், மேலே வறட்சி. மூடியபடி பத்து நிமிடம் விட்டால் இரண்டும் சமமாகும், பருக்கையும் இறுகும். அதற்கு முன் கரண்டி போட்டால் உடைந்து பசையாகிவிடும். பிறகும் கரண்டிக் காம்பால் ஓரத்திலிருந்து மெல்லத் தளர்த்தினால் போதும்.

கெட்டுப்போன பிறகு

சாதம் சரியாக வேகாமல் விரைவிரையாக இருந்தால் தம்ளர் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரைப் பரவலாகத் தெளித்து, மூடி, மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம், அணைத்து இன்னும் ஐந்து நிமிடம். பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடு இறங்கிவிடும்.

லேசாகக் குழைந்திருந்தால் அகலத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஆவி போகவிடுங்கள். கிளறக் கூடாது. முழுக்கக் களியாகிவிட்டதா? இன்னும் தண்ணீர் விட்டுக் கஞ்சியாக்குங்கள், உதிரியாக்கப் போராடாதீர்கள்.

அடி பிடித்திருந்தால் சுரண்டவே வேண்டாம். மேல்சாதத்தை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தீய்ந்த வாடை சில நிமிடத்தில் மேலே ஏறிவிடும். ஏறிய பிறகு அதை எடுக்க வழியில்லை.