பரணில் கிடக்கும் வீடியோ கேமை மறுபடி ஓட வைப்பது எப்படி

இறக்கியதும் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். அடாப்டரின் வோல்ட்டும் பின்னின் துருவமும் பெட்டிக்கு அடியில் போட்டிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேசட். நாம் எல்லாரும் வாயால் ஊதித்தான் போடுவோம், ஆனால் அந்த எச்சில் ஈரம் உள்ளே இருக்கும் உலோகப் பட்டைகளை அரித்துவிடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் சொருகும் ஏவி ஓட்டை இல்லையென்றால் ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டும். மதுரைக்காரர்கள் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரிக்கலாம். வாத்து சுடும் 'டக் ஹண்ட்' கேமின் துப்பாக்கியை மட்டும் மறந்துவிடுங்கள், அது பழைய டப்பா டிவியில்தான் சுடும், எல்இடியில் வாத்து சிரித்துக்கொண்டே போகும்.

எனக்கு எப்போதும் 'கான்ட்ரா'தான், மரியோவெல்லாம் அப்புறம். 1988இல் வந்த நிண்டெண்டோ பதிப்பென்றால் டைட்டில் வந்து நின்றதும் கன்ட்ரோலரில் இந்த வரிசையில் அழுத்துங்கள்: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். 30 உயிர் கிடைக்கும். தம்பியும் ஆடுகிறான் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செலக்ட். குண்டு விசிறியாகச் சிதறும் 'எஸ்' துப்பாக்கி கிடைத்தபிறகு 'எஃப்', 'எல்' என்று வேறு துப்பாக்கி எது விழுந்தாலும் தொடாமல் தாண்டிப் போங்கள், எடுத்தால் 'எஸ்' போச்சு.