நாய் இருக்கும் வீட்டில் செயற்கைப் புல்லா? முதலில் அடித்தரையைப் பாருங்கள்

செயற்கைப் புல் போட்டு ஒரு வெயில் காலம் தாண்டுவதற்குள் நாற்றம் தாங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் புல்லைத்தான் திட்டுகிறார்கள். மட்டமான ரகத்தை வாங்கிவிட்டோம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், இன்னும் கொஞ்சம் காசு போட்டிருக்கலாம் என்று. நாயின் சிறுநீர் புல்லின் அடிப்பாகத்தில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கிய பிறகு எங்கே போகும் என்று யாருமே யோசிக்காமல் தரையைப் போட்டிருப்பார்கள், அதுதான் விஷயம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் போடும் வேலை செய்யும் ஆட்களில் பலர் பாக்ஸ் கிரிக்கெட், கால்பந்துத் திடல் போட்டுக் கை பழகியவர்கள். அங்கே தரை மேஜை மாதிரி இருக்க வேண்டும், பந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும், அதனால் கல் உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கிவிடுவார்கள். விளையாட்டுத் திடலுக்கு அது சரி. 30 கிலோ எடையுள்ள ஒரு லேப்ரடார் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை சிறுநீர் விடும், அதுவும் பெரும்பாலும் பிடித்துப்போன அதே இரண்டு மூன்று இடங்களில். திடலுக்குப் போட்ட அதே தரையை இதற்கும் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: தூள் இறுகி சிமென்ட் பூச்சு போலாகிவிடுகிறது, சிறுநீர் கீழே இறங்காமல் புல்லுக்கும் தூளுக்கும் நடுவில் படர்ந்து நிற்கிறது, அதில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்குகின்றன, வெயில் ஏற ஏற அது வாயுவாகி மேலே வருகிறது. புல்லின் மேல் எத்தனை வாசனை திரவம் ஊற்றினாலும் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும்.

அதனால் முதல் தவறு தூள். கிரஷர் தூள், எம்-சாண்ட், கிராவல் மண் எதுவும் புல்லுக்கு நேர் கீழே வேண்டாம். கழுவிய 20 மி.மீ. கருங்கல் ஜல்லி மூன்றிலிருந்து நான்கு அங்குலம், அதன் மேல் 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி ஒரு அங்குலம், இதுதான் நாய்க்கான தரை. மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார், "தூள் போடாம எப்படி சார் மட்டம் வரும்" என்பார். சிப்ஸை வைத்தே மட்டம் எடுக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கணக்குக்குச் சொல்கிறேன்: 200 சதுர அடிக்கு நாலு அங்குல ஜல்லி என்றால் சுமார் 67 கன அடி, சிப்ஸ் 17 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் இரண்டும் சேர்ந்தே ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடும், இறுக்கும்போது குறைவதற்கும் சிந்துவதற்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது, நாய் திரும்பித் திரும்பி ஓடும் இடத்தில் நகர்ந்து பள்ளமாகிவிடும்.

இதைவிட மோசம், செலவு மிச்சம் என்று வீட்டை இடித்த செங்கல் துண்டையும் காரைக்கட்டியையும் நிரப்புவது. செங்கல் சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் விடாது. சிமென்ட், சுண்ணாம்புக் காரை காரத்தன்மை உள்ளவை, காரம் கூடினால் சிறுநீரில் உள்ள அம்மோனியம் சீக்கிரமாக வாயுவாக மாறும். அதாவது நாற்றத்துக்கு நீங்களே உதவி செய்கிறீர்கள். கருங்கல் எதையும் குடிக்காது, மழை அதைக் கழுவிவிட்டுப் போகும்.

ஜல்லி கொட்டுவதற்கு முன்னால் தோண்ட வேண்டும் என்பதையும் நிறையப் பேர் தட்டிக்கழிக்கிறார்கள். இருக்கிற புல்தரையைச் செதுக்கிவிட்டு மேலேயே விரிப்பது, அல்லது ஈர மண்ணைத் தட்டி அதன் மேல் விரிப்பது. மண்ணுக்குள் இருக்கும் வேர் மட்கி அமுங்கும், அங்கங்கே குழி விழும், குழியில்தான் சிறுநீர் தேங்கும். ஐந்து ஆறு அங்குலம் வெட்டி எடுத்தே ஆக வேண்டும். வெட்டும்போது கோரைக்கிழங்கு கண்ணில் பட்டால் ஒவ்வொன்றையும் பொறுக்கி எடுங்கள், சோம்பல் பார்க்காதீர்கள். கோரையின் முளை பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வரக்கூடியது, புல் மட்டும் அதற்கு எம்மாத்திரம்.

வெட்டிய குழியைச் சும்மா விடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஓரத்தில் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து மணல் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும், உங்களுக்கு அதிகக் கவலை இல்லை. களிமண் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம்கூட இறங்காது. கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் இன்னும் வம்பு: மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும், மேலே போட்ட ஜல்லியும் கூடவே ஆடும். அங்கே இன்னும் ஆழமாக வெட்டி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வடகிழக்குப் பருவமழை ஒன்றிரண்டு போவதற்குள் ஜல்லி சேற்றுக்குள் புதைந்து, சேறு மேலே ஏறிவிடும்.

துணி என்றதும் இன்னொன்று. அந்தத் துணியின் இடம் ஜல்லிக்கு அடியில். களை வராது என்று சொல்லிப் புல்லுக்கு நேர் கீழே விரிப்பது நாய் வீட்டுக்கு ஆகாது. நாயின் முடி, தூசி, காய்ந்த மலத்தின் பொடி எல்லாம் அதில் படிந்து துவாரங்கள் அடைபட்டு, துணி ஈரச் சாக்கு மாதிரி நாறும். துணிக்குப் பதிலாகத் தார்ப்பாயையோ கறுப்புப் பாலிதீனையோ போட்டுவிட்டு மேலே புல் விரித்த வீடுகளும் இருக்கின்றன, அங்கே இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும். மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்ச் போடுவதும் அதே ரகம்தான், குழந்தைகள் விளையாடும் இடத்துக்குச் சரி, நாய்க்கு வேண்டாம்.

அப்புறம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. பார்க்க மட்டமாகத் தெரிய வேண்டும் என்று ரசமட்டம் வைத்துத் துல்லியமாகச் சமன் செய்துவிட்டுப் பெருமைப்படுகிறார்கள். பத்து அடிக்கு ஒன்றே காலிலிருந்து ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுங்கள், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த வாட்டம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது, சுவரில் ஓதம் ஏறும். வாட்டத்தை மேலே சிப்ஸில் மட்டும் கொடுத்துவிட்டு அடிமண்ணைக் குண்டும் குழியுமாக விடுவதும் தவறு, தண்ணீர் கடைசியில் ஓடுவது அடிமண்ணின் மேல்தான். திமிசு போடுவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். இரண்டு மூன்று அங்குலம் கொட்டி, வாடகைக்குக் கிடைக்கும் பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டி, அதற்கு மேல் அடுத்ததைக் கொட்ட வேண்டும்.

இனி யாரும் கேட்காத கேள்வி: இறங்கிய தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது? களிமண் வீடுகளில் ஜல்லிக்கு அடியில், தாழ்ந்த ஓரமாக, துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்து வெளியே எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் வீட்டைச் சுற்றி எங்காவது ஒரு உறைகுழி இருக்கும், பிளம்பர் கிட்ட இருக்கிறதே என்று குழாயை அதற்குள் விட்டுவிடுவார். அது உங்கள் கிணற்றுக்கும் போருக்கும் போகும் தண்ணீர். நாய்ச் சிறுநீரும், நீங்கள் கழுவுகிற சோப்புத் தண்ணீரும் அதில் சேரவே கூடாது. சாக்கடைக்கோ, கிணற்றிலிருந்து விலகிய தனி ஊறல் குழிக்கோ கொண்டுபோங்கள்.

மொட்டை மாடியில் போடுகிறவர்களுக்கு ஜல்லிக் கதையே கிடையாது, தளத்தின் மேல் அத்தனை எடையை ஏற்றாதீர்கள். தட்டோடு போட்ட தளமானாலும் வெறும் காங்கிரீட் ஆனாலும், வாட்டம் சரியாக இருக்கிறதா, எங்காவது நீர் தேங்குகிறதா என்று ஒரு மழை முழுக்கப் பார்த்துவிட்டு, நீர்க்கசிவைச் சரிசெய்துவிட்டு, டிரெயின் செல் எனப்படும் பிளாஸ்டிக் தட்டுகளைப் பரப்பி அதன் மேல் விரியுங்கள். புல் தளத்தில் ஒட்டாமல் ஒரு அங்குலம் தூக்கி நிற்கும், அடியில் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவலாம். தளத்தில் நேரடியாக ஒட்டிவிட்டால் கழுவவும் வழியில்லை, கசிந்தால் பார்க்கவும் வழியில்லை. மாடியில் வெயிலையும் யோசியுங்கள், உச்சி வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும், நாயின் பாதம் வெந்துவிடும்.

ஓரங்களை அலட்சியமாக விடுவதும் பின்னால் படுத்தும். ஆண் நாய்கள் காலைத் தூக்குவது பெரும்பாலும் சுவர், தொட்டி, தூண் ஓரமாகத்தான், தோண்டும் நாய் நகத்தை மாட்டுவதும் ஓரத்தில்தான். ஆகவே ஜல்லியை ஓரம்வரை முழு ஆழத்துக்குக் கொண்டுபோங்கள், ஓரத்தில் மட்டும் சிமென்ட் கலவையைப் பட்டையாகப் பூசி அடைத்துவிடாதீர்கள். சின்னக் கல் கட்டு ஒன்றைக் கட்டி, நீர் வெளியேற இடைவெளி விட்டு, புல்லின் விளிம்பை அதில் இறுக்கிப் பிடிக்க வைத்தால் நகத்துக்கு இடம் கிடைக்காது. இடுக்குகள் குறைந்தால் உண்ணிக்கும் ஒளிய இடம் குறையும், அது கூடுதல் லாபம்.

புல்லை ஒட்டுவதற்கு முன் சிப்ஸ் மேல் நாலு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றிப் பாருங்கள், கூலியின் கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். தேங்கினால் அன்றைக்கே கிளறிச் சரிசெய்ய முடியும். எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கோடையில் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவத்தான் வேண்டும், புல்லுக்குள் ஜியோலைட் என்ற கனிமத்தைத் தூவினால் அம்மோனியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆனால் அடைபட்ட தரையை அது காப்பாற்றாது. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயுவைக் கிளப்பும், தரையோடு மூக்கை வைத்து மோந்துகொண்டே திரிவது உங்கள் நாய்தான்.